மூடாத கை

கங்காணி எரால்டோவின் தொடை கிழிந்த அன்றைக்கு மார்லூசி மூன்றாவது வரிசையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தீ வைத்த கொல்லை. தோகை எரிந்து, கரும்பு கறுத்து, தொட்ட இடமெல்லாம் கரி. மூக்கைச் சிந்தினால்கூடக் கறுப்பாகத்தான் வந்தது. அவள் புருஷன் அமாரோ அடுத்த வரிசையில் நின்றான். நின்றான் என்றுதான் சொல்ல வேண்டும். வெட்டினான் என்று சொல்ல அரிவாள் கையில் தங்க வேண்டுமே. விரல் மூடாததால் கைப்பிடியில் பழந்துணியைச் சுற்றிச் சுற்றி முழங்கால் தண்டிக்கு ஆக்கி வைத்திருந்தான். மற்றவர்கள் ஒரே வெட்டில் சாய்க்கிற கரும்புக்கு அவன் நாலு வெட்டு போட்டான்.

எரால்டோ வரப்பில் நின்று இதைப் பார்த்தான். நாற்பது பேரை மேய்க்கிறவன், மார்லூசியின் கூடப்பிறந்த தம்பி. வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"என்ன மச்சான், வெட்டுறியா, தடவிக் குடுக்கிறியா? கரும்பு தூங்கிடப் போவுது."

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்து, ராத்திரியிலும் இப்படித்தானா என்று கேட்டான். அமாரோ திரும்பினான், ஓங்கினான். கழுத்துக்குத்தான் ஓங்கினான். பிடி நழுவி அரிவாள் சுழன்று தொடையில் இறங்கியது. ரத்தம் கரித்தரையில் விழுந்து கறுப்பாகவே போயிற்று. மார்லூசி தலைத்துண்டை அவிழ்த்துத் தம்பியின் தொடையை இறுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே புருஷனையும் தம்பியையும் மாறி மாறித் திட்டினாள். யாரை அதிகமாகத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

பதினொரு தையல். அக்காவுக்காக எரால்டோ போலீசுக்குப் போகவில்லை. ஆனால் சர்க்கரை ஆலை மேலாளரிடம் போய்ச் சொல்லாமல் இருப்பானா? மேலாளர் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். உண்மையிலேயே நோயாளி என்றால் ரெசிஃபி நகரத்துக் கிளினிக்கில் பெரிய டாக்டர் கையால் எழுதி வாங்கி வரட்டும், விதைக்கரும்புக் கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவோம். இல்லையென்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

வீடு ஆலையுடையது. வரிசையாக முப்பது வீடு, அதில் இருபத்திரண்டாவது. ஆம்பளை பேரில்தான் கொடுப்பார்கள். பதினைந்து வருஷமாக மார்லூசியும் அதே கரும்பைத்தான் வெட்டுகிறாள், அதே கரியைத்தான் தின்கிறாள். இருந்தாலும் ஆலைக்கு அவள் அமாரோவின் பெண்டாட்டி, அவ்வளவுதான். அவன் போனால் அவளும் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

மூன்று மழைக்கு முன்னால் வந்த சிக்குன்குனியா அந்த முப்பது வீட்டையும் ஒன்று விடாமல் படுக்கப் போட்டது. இரண்டு வாரத்தில் எல்லாரும் எழுந்து போனார்கள். அமாரோவுக்குக் காய்ச்சல் போயிற்று, வலி போகவில்லை. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, விரல் கணு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. காலையில் எழுந்தால் பத்து மணி வரைக்கும் கை மூடாது. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் அசையும், அடுத்த நாள் அதுவும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு இது நோயாகவே தெரியவில்லை. காயம் இல்லை, கட்டி இல்லை, இருமல் இல்லை. சாராயக் கடையில் நாலு பேர் சேர்ந்தால் சோம்பேறிக் காய்ச்சல் என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் வீட்டுக்கு வந்து மார்லூசியின் மேல்தான் விடிந்தது. கை நன்றாக இருந்த காலத்திலும் அடித்தவன்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்த வலது கை மூடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கும் என்பாள். கை மூடாமல் போன பிறகு முழங்கையால் இடித்தான், காலால் உதைத்தான், கிடைத்ததை எறிந்தான். ஒருநாள் காப்பித்தூள் டப்பாவின் மூடி திறக்கவில்லை. பல்லால் கடித்தான், சுவரில் அடித்தான், கடைசியில் சோளமாவு வெந்துகொண்டிருந்த சட்டியைத் தட்டிவிட்டான். கொதிநீர் அவள் பாதத்தில் ஊற்றியது. அவளும் சும்மா இருக்கவில்லை. விறகுக் கட்டையை எடுத்து அவன் வீங்கின முழங்காலிலேயே ஒன்று வைத்தாள். அவன் கத்தின கத்தலில் வரிசை முழுக்கக் கதவு திறந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே வாழைப்பழத்தைப் பிட்டுத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

சுகாதார ஊழியர் சிசேரா பதினொரு மாசத்துக்கு முன்பே அவன் பேரைக் கிளினிக்கில் பதிந்து வைத்திருந்தாள். ரெசிஃபியில் அந்தக் கிளினிக் இதற்கென்றே இருந்தது: காய்ச்சல் போயும் வலி போகாதவர்களுக்கு. தையல் பிரித்த வாரம் சிசேரா மோட்டார் சைக்கிளில் வந்து, வியாழக்கிழமைக்கு முறை வந்துவிட்டது, நகராட்சி வேன் விடியற்காலையில் சதுக்கத்திலிருந்து கிளம்பும், மருந்துச்சீட்டெல்லாம் கையோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த முறையைத் தவறவிட்டால் இன்னொரு வருஷம் ஆகும் என்றும் சொன்னாள். மார்லூசி அன்றைக்கு ராத்திரி முழங்காலிட்டு மாதாவிடம் அழுதாள். வீடு தப்பித்தது என்றே நினைத்துவிட்டாள்.

டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் அந்த ஊரில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான். குளிக்க வேண்டும், சவரம் செய்ய வேண்டும், இஸ்திரி போட்ட சட்டை, செண்டு. அழுக்கோடு போய் நின்றால் டாக்டர் மரியாதை தரமாட்டார் என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம். அமாரோவுக்கு அது மட்டும் போதவில்லை. வேன் நிற்கிற இடமும் வெட்டுக்காரர்கள் லாரியில் ஏறுகிற இடமும் ஒன்று. நாற்பது பேரும் அங்கே நிற்பார்கள். பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வேனில் ஏறுவதைவிடச் செத்துப்போகலாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் மருந்துக்கடை நிவால்டோவிடம் போய்க் குதிரை ஊசி போட்டுக்கொண்டான். வீக்கத்தை ஒரே ராத்திரியில் வடித்துவிடுகிற ஊசி. இரண்டு நாள் ஆளைக் குதிரையாக்கும், அப்புறம் வலியை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கும். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று நிவால்டோ சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போடுவான்.

வியாழக்கிழமை காலையில் அமாரோ சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான். மார்லூசி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள்தான் போட்டுவிடுவாள்.

"ஊசி போட்டுக்கிட்டியா?"

"போட்டா என்னடி இப்ப?"

"அறிவு இருக்கா உனக்கு? நோயக் காட்டத்தானய்யா போறோம். நோய வீட்டுல வெச்சுப் பூட்டிட்டு என்னத்தக் காட்டப் போற?"

பெரிய டாக்டர் என்றால் ரத்தத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள், கையைக் காலைக் காட்டி அழுவதெல்லாம் சின்ன டாக்டரிடம்தான் என்று அவன் சொன்னான். அந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். சதுக்கத்தில் லாரிக்காரர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். போதாததற்கு, காலில்லாத ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வேனில் வைத்தான். எரால்டோ லாரிப் படியில் நின்று வாயைப் பிளந்து பார்த்தான். அமாரோ அவனைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தான். எல்லாம் கொழுப்பு.

கிளினிக் நடைபாதையில் நீளமான பெஞ்சுகள். வந்திருந்தவர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மினுமினுவென்று அமாரோ. பக்கத்தில் இருந்த மீன்காரி ஒருத்தி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம்பி யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டாள். இவர்தான் நோயாளி என்றாள் மார்லூசி. மீன்காரி சிரிக்கவில்லை. குரலை இறக்கிச் சொன்னாள்.

"நானும் மொதல் தடவ இப்படித்தாம்மா பண்ணேன், ஊசிய ஏத்திக்கிட்டு வந்து நின்னேன். ஒண்ணுமில்ல போன்னுட்டாங்க. மறுபடி உள்ள வர ஒன்றர வருசம் ஆச்சு. டாக்டரம்மாகிட்ட உண்மையச் சொல்லிடச் சொல்லு."

அமாரோவுக்கும் அது கேட்டது. பேரைக் கூப்பிட்டார்கள். கதவுக்கு முன்னால் போனதும் அவன் மார்லூசியின் மணிக்கட்டைப் பிடித்தான். மூடுகிற கையால் பிடித்தான். மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த பிடி. எலும்போடு எலும்பு உரசியது. உள்ளே வாயைத் திறந்தால் இங்கேயே ஒடித்துவிடுவேன் என்று காதில் சொன்னான். ஒடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஒருதரம் ஒடித்திருக்கிறான்.

டாக்டரம்மா இளவயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அன்றைக்கு அவருக்கு அவன் இருபத்தேழாவது ஆள். ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார். தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அமாரோ பிடித்த பிடியில் முகம் சுளித்து, போதும் போதும் என்று சிரித்தார். இந்த வாரம் ஏதாவது மருந்து, ஊசி? ஒன்றுமில்லை டாக்டரம்மா என்றான். டாக்டரம்மா மார்லூசியைப் பார்த்தார். மார்லூசி மணிக்கட்டைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் அப்புறம் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை அமாரோ நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். படிக்கத் தெரியாது. பெரிய முத்திரை இருந்தது, அதுவே போதும் என்று இருந்தான். வேனிலிருந்து இறங்கின இடத்திலேயே எரால்டோ நின்றிருந்தான். காகிதத்தை வாங்கிப் பிரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தான்.

"வீக்கம் இல்லை. பிடி நன்று. வழக்கமான வேலை அனைத்தும் செய்யலாம். இனி இங்கு வரத் தேவையில்லை." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "ரொம்ப சந்தோசம் மச்சான். திங்கக்கெழம வரிசையில நில்லு. நிக்கலேன்னா அக்காவ மூட்ட கட்டச் சொல்லு."

சனிக்கிழமை ஊசியின் வேகம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை அமாரோ கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து தரையிலேயே கிடந்தான். கை இரண்டும் அவித்த மரவள்ளிக்கிழங்குபோல் வெடிக்கிற மாதிரி வீங்கிவிட்டன. மூத்திரம் போகக்கூட மார்லூசி தூக்கினாள். தூக்கும்போதெல்லாம் அவன் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், அவள் அதைவிடக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். விஷயம் தெரிந்து சிசேரா நிவால்டோவின் கடையில் போய்க் கண்ணாடி அலமாரியை உடைத்துவிட்டு வந்தாள். இனி ஊசி போட்டால் ஜெயில்தான் என்றும் சொல்லிவிட்டாள். ஆக அந்த வழியும் அடைந்தது.

திங்கட்கிழமை விடியும்போது சதுக்கத்தில் லாரி ஹாரன் அடித்தது. மார்லூசி கண் விழித்தாள். தரையில் ஆளைக் காணோம். கொல்லைப்புறம் போனாள். விறகு பிளக்கிற கட்டைக்கு முன்னால் அமாரோ மண்டியிட்டிருந்தான். அதுவரைக்கும் தவழ்ந்தே போயிருக்கிறான், முழங்காலெல்லாம் மண். வலது கையைக் கட்டைமேல் விரித்து வைத்திருந்தான். அரிவாள் கீழே கிடந்தது. இடது கையால் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறான், பிடி நிற்கவில்லை.

கரும்புக்காட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. வலியை யாரும் நம்பமாட்டார்கள், வெட்டுப்பட்டால் நம்புவார்கள். விரல் போனவனுக்கு முதலுதவி அறையிலேயே காகிதம், ஒரு வருஷத்துக்கு வீட்டை யாரும் தொட முடியாது. அந்த வரிசையில் ஒன்பது விரலோடு இருக்கிறவர்கள் நாலு பேர். எல்லாருமே தவறி வெட்டிக்கொண்டவர்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

"நீ போடு," என்றான். "சுண்டுவெரலும் அடுத்ததும். ரெண்டு போதும். என்னால அருவாளப் புடிக்க முடியல, மார்லூசி."

அவள் அரிவாளை எடுத்தாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது: எடுத்தாள், ஓங்கவும் செய்தாள். பதினைந்து வருஷம் கரும்பு வெட்டின கை, ஒரே போடில் முடியும். இரண்டு விரல் என்ன, மணிக்கட்டோடு போட்டாலும் கேட்பாரில்லை. அவனே கேட்டுவிட்டான். அந்தக் கை அவளுக்குச் செய்ததெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகத்துக்கு வந்தது. ஆசையாகத்தான் இருந்தது.

அரிவாளைத் திருப்பி, அகலப் பக்கத்தால் அவன் தோளில் அடித்தாள். முதுகில் அடித்தாள். அவன் கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். இன்னும் அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள்.

"எல்லாரும் பாக்கட்டும்னு வெரலக் குடுப்ப, வலியக் காட்ட மாட்ட. அப்படித்தான? இன்னைக்குக் காட்டுற. நான் காட்ட வெக்கிறேன்."

தண்ணீர்க் குடம் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியைக் கொண்டுவந்து அவனை அதற்குள் உருட்டிப் போட்டாள். நாலு நாள் தாடி, மூத்திர வாடை, கிழிந்த அரைக்கால் சட்டை. அவன் திமிறினான், கெஞ்சினான், ஒரு சட்டையாவது போட்டுவிடு என்றான். அவள் காதில் வாங்கவில்லை. அரிவாளை அவன் மடியிலேயே போட்டுக்கொண்டு சதுக்கத்துக்குத் தள்ளினாள்.

லாரியில் நாற்பது பேரும் ஏறியிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் யாரோ விசிலடித்தான். அமாரோ முகத்தை முழங்காலுக்குள் புதைத்தான். மார்லூசி தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினாள், பார்க்கட்டும் என்றாள். கிட்டத்தில் பார்த்தபிறகு யாரும் சிரிக்கவில்லை. எரால்டோ நொண்டிக்கொண்டு இறங்கி வந்து, மச்சானுடைய கையைக் குனிந்து பார்த்தான். தொடப் போனான். தொடுவதற்கு முன்பே அமாரோ போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வாழ்நாளில் அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

பக்கத்திலேயே ரெசிஃபிக்குக் கிளம்ப நின்ற நகராட்சி வேனின் டிரைவர், பட்டியலில் பேர் இல்லை என்றான். மார்லூசி அரிவாளை எடுத்து முன் டயரில் வைத்தாள். அழுத்தட்டுமா, ஏற்றுகிறாயா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஏற்றினான். கிளினிக்கில் காவலாளி தடுத்தான். அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, புருஷனை அக்குளில் கைகொடுத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா கதவுக்கு முன்னால் போட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தார். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வியாழக்கெழம வந்தவரா இவரு?"

"வியாழக்கெழம வந்தது ஊசி, டாக்டரம்மா," என்றாள் மார்லூசி. "இதுதான் அவரு."

உள்ளே தூக்கிப் படுக்க வைத்தார்கள். எத்தனை ஊசி, எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். இந்தத் தடவை அமாரோவே சொன்னான். ஒவ்வொன்றாகச் சொன்னான், நிவால்டோ பேரையும் சொன்னான். டாக்டரம்மாவுக்குக் கோபத்தில் காது சிவந்தது. கோபம் அவன்மேல் மட்டும் இல்லை. நான் பார்த்ததைத்தான் எழுதினேன், கேட்டிருக்க வேண்டும், இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். அப்புறம் கையை மூடச் சொன்னார்.

அமாரோ முயன்றான். இப்போதும் பாவி முழு மூச்சோடுதான் முயன்றான். மூடினால் வீடு போகும் என்று தெரிந்தும், ஒரு பொம்பளை முன்னால் கை மூடாமல் கிடப்பது அவனுக்குத் தாங்கவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. விரல்கள் அசையவில்லை. மார்லூசி சுவரோரம் நின்று அந்தக் கையையே பார்த்தாள். மூடாதே, மாதாவே மூட விடாதே என்று வேண்டினாள். வீட்டுக்காகத்தான் வேண்டுகிறோம் என்று முதலில் நினைத்தாள். வீட்டுக்காக மட்டும் இல்லை. அந்தக் கை மூடாமல் இருப்பதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அப்படி ஒரு நிம்மதி.

டாக்டரம்மா பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஆறு மாசம் உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும், வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று தன் கைப்பேசி எண்ணோடு எழுதி முத்திரை குத்தினார். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, மாசத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனை, கைக்கு மெழுகு ஒத்தடமும் பயிற்சியும், சாராயம் கூடவே கூடாது என்று சொன்னார். மார்லூசி காகிதத்தை வாங்கி மார்புக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று நினைத்து டாக்டரம்மா தோளில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க. ஒழுங்கா வந்தா ஆறு மாசத்துல கை பழையபடி மூடும்."

"பழையபடியா?"

"பழையபடியேதான்."

மார்லூசி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மூடட்டும். நல்லா மூடட்டும். கரும்பு வெட்டு, பொத்தான் போடு, காப்பி டப்பாவத் தொற. எம்மேல மட்டும் ஒரு தடவ பட்டுச்சுன்னா, இன்னைக்குக் காலையில நீ கேட்டத அன்னைக்கு நான் செஞ்சு குடுத்துடுவேன். ரெண்டு வெரலோட நிறுத்த மாட்டேன்."

என்ன கேட்டார் காலையில் என்று டாக்டரம்மா விசாரித்தார். அமாரோ மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்து மார்லூசியைப் பார்த்தான். அவளிடம் சரி என்றான்.